கலியோப்பி: அழகிய கண்கள் அல்ல, அழகிய குரல்

‘கலியோப்பி என்றால் கிரேக்கத்தில் அழகிய கண்கள் உடையவள், அங்கேயே யாரும் வைக்காத புத்தம் புதுப் பெயர்’ என்று ஒருவர் இந்தப் பெண் பெயரைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

பெயரின் பின்பாதியில் இருப்பது குரலைக் குறிக்கும் பழைய சொல். கண், முகம் என்று பொருள்படும் இன்னொரு கிரேக்கச் சொல்லும் ஏறக்குறைய அதே ஒலியில் இருப்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம். எப்படியும் இந்தப் பெயருக்குரிய கிரேக்கப் புராணத் தேவியின் கதைக்குப் பொருந்துவது குரல்தான். பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பட்டியலிடும் ஒன்பது கலைத்தேவியரில் தலைமையானவள் இவள். பிற்காலத்தில் காவியப் பாட்டுக்கு உரியவளானாள். புராணப் பாடகன் ஆர்ஃபியஸின் தாயாகவும் சொல்வார்கள்.

புதுப் பெயரா? கிரேக்கத்தில் இது பாட்டிமார் பெயர் ஐயா! வீட்டில் ‘போப்பி’ என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். இதே பெயரில் ஒரு புனிதையும் உண்டு, ஜூன் 8 அவருடைய திருநாள். பேரக்குழந்தைக்குத் தாத்தா பாட்டி பெயரை வைப்பது அங்கே பழைய வழக்கம் (நம் ஊரிலும் உண்டே), அதனால் பெயர் அற்றுப்போகவில்லை. அபூர்வம் என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு வேண்டுமானால் பொருந்தும். அப்புறம், ஆங்கிலத்தில் ‘கலை-’ என்று தொடங்குவார்கள். கிரேக்கர்கள் ‘கலி-’ என்றுதான் சொல்கிறார்கள், அழுத்தம் ‘யோ’வில்.