தெளிந்த கடல்நீரில் சாயம் இருக்காதா?

பினாங்கில் நம்மவர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: ‘பத்து பெரிங்கி கடற்கரையின் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துக் கைப்பேசி விளக்கைக் காட்டுங்கள். நிறம் தெரியாவிட்டால் சாயக்கழிவு இல்லை.’ இது தவறு.

ரோடமின் பி என்னும் செயற்கைச் சாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீரில் 1 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கலந்திருந்தால், எத்தனை கூர்மையான கண்ணுக்கும் நிறம் தெரியாது. ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் சாதாரண நிறமாலைமானியே அங்கே தடுமாறும். ஒளிர்வை அளக்கும் கருவிக்குத்தான் அது பிடிபடும். இந்தச் சாயம் ஏறத்தாழ 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை வாங்கிக்கொண்டு, 580 நானோமீட்டருக்கு அருகே ஆரஞ்சு ஒளியை உமிழ்கிறது. கருவி பச்சையை விலக்கிவிட்டு அந்த மங்கிய ஒளியை மட்டும் எண்ணுகிறது.

எல்லாச் சாயங்களும் இப்படி ஒளிர்வதில்லை. அவற்றை வெள்ளி நுண்துகள்களின் மேல் படியவைத்து, பட்ட ஒளி சிதறும்போது அதன் அலைநீளம் மாறுவதைப் பதிவுசெய்யும் ராமன் நிறமாலை எடுப்பதுண்டு. ஆம், சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த அதே சிதறல்தான். அதிலும் கடலுப்பு குறுக்கே வரும். கரைசலில் மிதக்கும் வெள்ளித் துகள்களைத் திரளச் செய்து அளவீட்டைக் குழப்பிவிடும். ஆய்வகத்துக்கே இவ்வளவு பாடு, இதில் கைப்பேசி விளக்காம்!

மழைக்குப் பின் நீர் நிறம் மாறித் தெரிந்தாலும் அது சாயத்துக்குச் சான்றாகாது. சேறும் மிதவை உயிரிகளும்கூட அப்படிக் காட்டும்.