தடித்த எழுத்து தலைப்பாகாது

தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்த நண்பர் ஒருவர் போன வாரம் தன் முதல் கட்டுரையைப் பார்க்கச் சொன்னார். நல்ல உழைப்பு. தகவலும் சரி, மொழியும் தெளிவு. ஆனால் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு பத்தியும் சாம்பல் நிறப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தது. என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் மனுஷர் நொந்துபோயிருந்தார். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு பத்தியையும் கொஞ்சம் இடம் விட்டுத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவுதான். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தால் போதும், ‘இதை உள்ளபடியே காட்டு’ என்று விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி எடுத்துக்கொள்ளும். பத்தி பிரிக்க நடுவில் ஒரு வெற்று வரி விட்டாலே போதும்.

அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆகவில்லை. என்னை உறுத்தியது வேறு. ‘வரலாறு’, ‘பயன்கள்’ என்ற உட்தலைப்புகளுக்கெல்லாம் இரண்டு பக்கமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள்குறி போட்டுத் தடித்த எழுத்தாக்கியிருந்தார். பார்க்கத் தலைப்பு மாதிரிதான் இருக்கும். நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் இப்படியே எழுதிவருகிறோம். இதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

இரட்டைச் சமக்குறிகளுக்கு நடுவில் எழுதினால் அது தலைப்பு என்று மென்பொருளுக்குப் புரிகிறது. பொருளடக்கம் தானாக உருவாகிறது. அந்தப் பகுதியை மட்டும் தனியே தொகுக்க முடிகிறது, அதற்கு மட்டும் இணைப்புக் கொடுக்க முடிகிறது. எல்லாவற்றையும்விட, பார்வையற்றவர்கள் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் படிக்கும்போது தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் நீண்ட பக்கங்களைக் கடக்கிறார்கள். தடித்த எழுத்தில் போலித் தலைப்பு வைத்தால் அவர்களுக்கு அந்தப் பக்கம் கதவே இல்லாத ஒரு நீளச் சுவர். கண் தெரிகிற நமக்கு அழகாகத் தெரிந்தால் போதும் என்று நினைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இந்தக் குறியீடுகளை யாரும் நம்மைப் படுத்துவதற்காகக் கொண்டுவரவில்லை. 1995 மார்ச்சில் அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம் முதல் விக்கியைத் திறந்தபோது, யாரும் சட்டென்று ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பதுதான் எண்ணம். ‘விக்கி’ என்றாலே ஹவாய் மொழியில் விரைவு. அந்த முதல் விக்கியில் இரண்டு சொற்களை ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதினால் அதுவே இணைப்பாகிவிடும். 2001-இல் விக்கிப்பீடியாவும் முதலில் அப்படித்தான் தொடங்கியது. சீக்கிரமே இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்கு மாறியது. யோசித்துப் பாருங்கள், தமிழில் பெரிய எழுத்து ஏது? அந்தப் பழைய முறையே நிலைத்திருந்தால் நம் எழுத்தில் ஓர் இணைப்புகூடக் கொடுத்திருக்க முடியாது.

அந்த அடைப்புக்குறியையும் தமிழுக்கேற்பக் கையாளத் தெரிய வேண்டும். [[மழை]]யில் என்று எழுதினால், ஒட்டிவரும் ‘யில்’ என்பதையும் தமிழ் விக்கி இணைப்போடு சேர்த்துக்கொள்ளும். ஆனால் மரம் ‘மரத்தில்’ ஆகும்போது சொல்லின் உடலே மாறிவிடுகிறது. கடல் ‘கடலில்’ ஆகும்போது புள்ளி போய் இகரம் ஏறுகிறது. அங்கெல்லாம் நடுவில் செங்குத்துக் கோடு போட்டு [[மரம்|மரத்தில்]], [[கடல்|கடலில்]] என்றுதான் எழுத வேண்டும். சோம்பல்பட்டு ‘[[கடல்]] இல்’ என்று வேற்றுமை உருபைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. ஒரு கோட்டுக்குப் பயந்து தமிழை உடைக்கலாமா?

சாய்வெழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது லத்தீன் எழுத்துகளோடு வளர்ந்த மரபு. நம் எழுத்தைச் சாய்த்தால் கொம்பும் சுழியும் கண்ணைக் குழப்புகின்றன. நூல் பெயருக்கு மேற்கோள்குறி போதும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

‘இப்போதுதான் பொத்தானை அழுத்தியே தொகுக்கலாமே, குறியீடு எதற்கு?’ என்று கேட்பார்கள். 2013-இல் விக்கிப்பீடியாவுக்கு வந்த அந்த வசதியை நான் வரவேற்கிறேன். அட்டவணை போட அதைப்போல எளிது வேறில்லை. ஆனால் அதில் எழுதிய பக்கத்தின் மூலத்தைத் திறந்தால், சில நேரம் சொல்லின் நடுவே, ‘இதைக் குறியீடாக எடுக்காதே’ என்று மென்பொருளுக்குச் சொல்லும் ‘நோவிக்கி’ என்றொரு ஒட்டு முளைத்திருக்கும். அதைப் பிடுங்கக் குறியீடு தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஏன் எப்போதும் வேறு யாரோவாக இருக்க வேண்டும்? ஒரு மாலை நேரம், எழுதிப் பழகுவதற்கென்றே உள்ள மணல்தொட்டிப் பக்கத்தில் எழுதி, முன்தோற்றம் பார்த்து, மறுபடி எழுதினால் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். உரையாடல் பக்கத்தில் நான்கு அலைக்குறி போட்டுக் கையொப்பமிடுவது உட்பட.

நண்பரோடு உட்கார்ந்து அவர் தலைப்புகளை அவரையே மாற்றச் சொன்னேன். ஆறு மேற்கோள்குறிகளை எடுத்துவிட்டு, நான்கு சமக்குறிகளும் இரண்டு இடைவெளிகளும் போட்டார். ஆறுக்கு ஆறு. திருத்தங்களைப் பட்டியலிடும் வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் தொகுப்புக்கு எதிரே காட்டிய பைட்டு வேறுபாடு, அதாவது பக்கத்தின் அளவில் வந்த மாற்றம், 0. கட்டுரைக்குத் திரும்பினால், அதுவரை இல்லாத பொருளடக்கம் வந்து நின்றது.