சித்தி கேட்டதால் சொன்னேன்

கிரகப்பிரவேச வீட்டில் நான் பேசியதைப் பற்றி மூன்று நாளாக உறவு முழுவதும் பேசித் தீர்த்துவிட்டது. "நம்பிக்கையைக் கொன்றவள்" என்று பட்டமும் கொடுத்தாகிவிட்டது. நன்றி. (சித்தியின் பெயரைக் கீழே யாரும் எழுத வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.)

நான் சொன்னது இவ்வளவுதான்: "சித்தி, மார்பில் இருக்கிற கட்டி விரதத்தில் கரையாது. டாக்டர் சொன்ன ஆபரேஷனுக்குப் போய்விடுங்கள்." பந்தியில் வைத்துச் சொல்லவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவராகக் கேட்டார். நினைத்ததைச் சொன்னேன். கேட்டவருக்குப் பதில் சொன்னது குற்றமாம்.

மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. இந்தக் கட்டத்தில் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிற நோய். அப்படிப்பட்டவரைத்தான் 48 நாள் மண்டலம், தீர்த்தம், கறுப்புக் கயிறு என்று உட்கார வைத்திருக்கிறீர்கள். கட்டிக்கு மண்டலக் கணக்கு தெரியாது, அது பாட்டுக்கு வளரும்.

"நாத்திகம் பேசுகிறாள்" என்கிறீர்கள். கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருந்து சென்னிமலைப் படி ஏறுகிறவள் நான். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று முருகன் யாரிடமும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சொன்னது, கயிறு கட்டி மண்டலம் இருக்கச் சொன்ன அந்த ஆசாமி. விரதம் இருக்கட்டும், விளக்குப் போடட்டும், ஆபரேஷன் தியேட்டருக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டே போகட்டும். போகட்டும் என்பதுதான் என் பேச்சு.

மாமா ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பருக்குச் சூலை நோய் திருநீற்றில் தீரவில்லையா?" தீர்ந்தது மாமா. ஆனால் திருவதிகையில் தம்பிக்குத் திருநீறு கொடுத்த திலகவதியார் அந்த ஆசாமியைப் போல முன்பணம் பதினோராயிரம் வாங்கினார் என்று சேக்கிழார் எழுதவில்லையே?

எண்ணெய் தடவி ஜெபிக்கிறவர்களைக் கேட்பாயா என்கிறார் இன்னொருவர். கேட்பேன். சித்தி அங்கே போகவில்லை, அவ்வளவுதான்.

பிரார்த்தனை குணப்படுத்தும் என்று அறிவியலே ஒப்புக்கொண்டதாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் 1,802 இதய அறுவை நோயாளிகளை வைத்துச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள், தேடிப் படியுங்கள். பிரார்த்தனையால் பலன் தெரியவில்லை. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடத்தான் இருந்தன. இதை வைத்து நான் குதிக்கப் போவதில்லை. நானும் சித்திக்காக வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாயத்து, மந்திரத்தால் புற்றுநோய் தீரும் என்று விளம்பரம் செய்வது குற்றம் என்று 1954-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதே ஆண்டில்தான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருக்கும் அழுகை வந்திருக்கும். அழுதுவிட்டுக் கட்டடம் கட்டினார். நாம் கயிறு கட்டுகிறோம்.

"நம்பிக்கைதான் பாதி மருந்து, நோயாளியிடம் போய் இதையெல்லாம் சொல்வார்களா?" இதற்குத்தான் எனக்குப் பதில் சொல்ல வராது. ஏனென்றால் நான் சொல்லாமலும் இருந்து பார்த்தவள்.

2016. அப்பாவுக்குக் கண் மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மந்திரித்தோம். பிறகுதான் கணையம் என்று தெரிந்தது. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. மூன்று நான்கு மாதம் என்று டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். அப்பாவிடம் "கல்லீரலில் சின்ன வீக்கம்" என்றோம். தகடு எழுதுகிறவர் ஒருவர் வந்தார். ஆடி கழிந்தால் எழுந்து நடப்பார் என்றார். மாத்திரை சாப்பிட்டால் தகடு வேலை செய்யாது என்றும் சொன்னார். அப்பா இரவெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கடும் வலியைத் தணிக்கிற மார்ஃபின் கிடைப்பதற்கு இருந்த சட்டச் சிக்கலை 2014-இலேயே தளர்த்தியிருந்தார்கள். கேட்டால்தானே கிடைக்கும்? வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள் என்று கேட்பதற்கு, பிழைக்க மாட்டார் என்று நாங்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் அப்பா என்னிடம், "உண்மையைச் சொல்லு கண்ணு" என்றார். "சரியாகிவிடும் அப்பா" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். நம்பினாரா, எனக்காக நம்புவதுபோல் இருந்தாரா?

வரப்புத் தகராறில் பதினோரு வருடம் பேசாத பெரியப்பாவை வரச் சொல்லவா என்று அம்மா கேட்டபோது, "எழுந்து நடக்கிறபோது நானே போய்க்கொள்கிறேன்" என்றார். ஆவணி பிறந்த நான்காம் நாள் போய்விட்டார். பெரியப்பா வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வர அவருக்குக் கால் வரவில்லை. அப்பாவின் தலைமாட்டில் இருந்த கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "கார்த்திகைக்குள் கிணறு தூர் வார வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு என்னை யாரும் நம்பிக்கையைக் கொன்றவள் என்று சொல்லவில்லை. நல்ல மகள் என்றார்கள்.

அப்பாவுக்கு உண்மை தெரிந்திருந்தாலும் உயிர் திரும்பியிருக்காது. சித்திக்கு அப்படியில்லை. இதைத்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மண்டலம் முடிய இன்னும் பதினொரு நாள். புதன்கிழமை காலை புறநோயாளிப் பிரிவுக்கு எத்தனை மணிக்குப் போனால் டோக்கன் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். சித்தியின் போன் மாமாவிடம் இருக்கிறது, என் எண்ணை அவர் தடுத்துவைத்திருக்கிறார். இந்தப் பதிவைப் பார்க்கிற யாராவது அந்த வீட்டுக்குப் போனால், ஏழு மணிக்கு முன்பே என்று சித்தியிடம் சொல்லுங்கள்.