வேலியில் சிக்கிய எருது

ஆபிரகாம் லிங்கன் தம் மகனின் தலைமையாசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தைப் படிக்காதவர்கள் நம்மில் குறைவு. நான் படித்த பள்ளியில் அது சட்டமிட்டு அலுவலக அறையில் மாட்டப்பட்டிருந்தது. ஆண்டு விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர்களில் ஒருவராவது அதை உருக்கமாக வாசிக்காமல் மேடையை விட்டு இறங்கியதில்லை. லிங்கனின் தொகுக்கப்பட்ட எழுத்துகளில் அப்படியொரு கடிதமே கிடையாது என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரியவந்தது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்தப் போலியைச் சரிபார்க்கப் போன இடத்தில்தான், அமெரிக்காவின் வட மாநிலங்களும் பிரிந்துபோன தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரின் நடுவே தம் தளபதிகளுக்குக் கடிதமும் தந்தியும் எழுதிக்கொண்டிருந்த அசல் லிங்கன் எனக்கு அகப்பட்டார்.

அவருடைய நகைச்சுவை என்றால் பெரும்பாலும் விருந்துகளில் சொல்லத் தோதான துணுக்குகளையே எடுத்துக்காட்டுகிறார்கள். அவற்றில் பாதி யாரோ கட்டிவிட்டவை. என்னைக் கேட்டால், அவருடைய நகைச்சுவையின் முழு வலிமையும் வேலை வாங்குவதற்காக எழுதப்பட்ட வாக்கியங்களில்தான் இருக்கிறது. வெள்ளை மாளிகையில் அப்போது தந்தி வசதி இல்லை. பக்கத்திலிருந்த போர்த்துறைக் கட்டடத்தின் தந்தி அறைக்கு அவரே நடந்து போய், களத்திலிருந்து வந்த செய்திகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து படிப்பார். அங்கே எழுதும் சொல்லுக்கு அலங்காரம் செய்ய நேரமிருக்காது.

1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டத்தில் நடந்த போரில், ஒரே நாளில், இரு தரப்பிலும் சேர்த்து 22,000 பேருக்கு மேல் மாண்டோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். பின்வாங்கிய தென் மாநிலத் தளபதி லீயின் படையைத் துரத்த வேண்டிய லிங்கனின் ஜெனரல் மெக்கிளெல்லன் ஒரு மாதத்துக்கும் மேலாக அசையவில்லை. கேட்டால், குதிரைகளுக்கு நாக்கில் புண், களைப்பு வேறு என்று செய்தி அனுப்பினார். லிங்கன் அனுப்பிய பதிலின் சாரம் இது: ஆன்டீட்டத்துக்குப் பிறகு களைத்துப்போகும் அளவுக்கு உங்கள் குதிரைகள் அப்படி என்ன செய்துவிட்டன என்று நான் கேட்டால் பொறுத்துக்கொள்வீர்களா? இதை எடுத்துச் சொல்கிறவர்கள் சிரித்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் சில நாள்களிலேயே அவர் இன்னொரு செய்தி அனுப்பினார். எவருக்கும் அநீதி செய்யும் எண்ணம் தமக்கு இல்லை, செய்திருந்தால் மிகவும் வருந்துகிறேன் என்று அதில் எழுதினார். அப்படியும் நவம்பர் தொடக்கத்தில் மெக்கிளெல்லனைப் பதவியிலிருந்து நீக்கவும் தயங்கவில்லை. குத்தல், வருத்தம், நடவடிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாத ஒருவரை அலுவலக வாழ்க்கையில் நான் கண்டதே இல்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அதே படைக்குப் புதிதாகத் தலைமையேற்ற ஜெனரல் ஹூக்கருக்கு 1863 ஜனவரி 26 அன்று எழுதிய கடிதம் இதைவிட நுட்பமானது. நாட்டுக்கும் படைக்கும் ஒரு சர்வாதிகாரி தேவை என்று ஹூக்கர் பேசித் திரிந்தது லிங்கனின் காதுக்கு வந்திருந்தது. அப்படிப் பேசியதற்காக அல்ல, பேசியும்கூடத்தான் உமக்கு இந்தப் பொறுப்பைத் தந்திருக்கிறேன் என்று சொல்லி, வெற்றி பெறுகிற தளபதிகளால்தான் சர்வாதிகாரியாக முடியும், நீர் வெற்றியைக் கொண்டு வாரும், சர்வாதிகார ஆபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதினார். மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. உன் பேச்சு எனக்குத் தெரியும் என்பதைச் சொன்ன அதே மூச்சில் அவரை வேலைக்கும் அனுப்பிவிட்டார். ஹூக்கர் மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் தோற்றது வேறு கதை.

அதே ஹூக்கருக்கு ஜூன் 5 அன்று எழுதியபோதுதான் அந்த எருது வருகிறது. லீயின் படை வடக்கே நகர்ந்தால் ரப்பஹானக் ஆற்றைத் தாண்டிப்போய் மாட்டிக்கொள்ளாதீர். வேலியைப் பாதி தாண்டி நடுவில் சிக்கிய எருதுபோல, முன்னும் பின்னும் நாய்கள் கடித்துக் குதற, முன்னே முட்டவும் முடியாமல் பின்னே உதைக்கவும் முடியாமல் நிற்க வேண்டியிருக்கும் என்றார். நம்மிடம் மதில்மேல் பூனை உண்டு. ஆனால் அந்தப் பூனைக்கு அவசரமில்லை, எந்தப் பக்கமும் அதனால் குதிக்க முடியும். லிங்கனின் எருதுக்கு இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டன. குடியானவர் வீட்டில் பிறந்து, வேலிக்கு மரம் பிளந்த கைதான் அந்த உவமையை எழுதியிருக்க முடியும். படைத்துறைப் பாடநூல் ஒன்று நான்கு பக்கத்தில் விளக்குவதை அது ஒரே வரியில் காட்டிவிடுகிறது.

போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாட்டில் ஜனாதிபதி கதை சொல்லிச் சிரிக்கலாமா என்று அக்காலத்திலேயே பலர் முகம் சுளித்தார்கள். 1862 செப்டம்பர் 22 அன்று அமைச்சரவையைக் கூட்டிய லிங்கன், ஆர்ட்டிமஸ் வார்டு என்ற நகைச்சுவையாளரின் பகுதி ஒன்றை முதலில் வாசித்துக்காட்டினார். போர்த்துறை அமைச்சர் ஸ்டேன்டனைத் தவிர மற்றவர்கள் ரசித்ததாக நிதியமைச்சர் சேஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே கூட்டத்தில் அடுத்து லிங்கன் எடுத்து வாசித்த தாள், கிளர்ச்சி செய்யும் மாநிலங்களின் அடிமைகள் 1863 ஜனவரி 1 முதல் விடுதலை பெறுவார்கள் என்ற அறிவிப்பு. ஏழு மாதங்களுக்கு முன்புதான் அவருடைய மகன் வில்லி இறந்திருந்தான். அந்தச் சிரிப்பை அலட்சியம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கெட்டிஸ்பர்க் வெற்றிக்குப் பிறகு, பின்வாங்கிய லீயை, ஹூக்கருக்குப் பின் படைத்தலைமை ஏற்ற ஜெனரல் மீட் பொடோமாக் ஆற்றைக் கடந்து தப்பவிட்டார் என்ற செய்தி வந்தபோது லிங்கனுக்கு நகைச்சுவை கைகொடுக்கவில்லை. 1863 ஜூலை 14 அன்று மீடுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் எருதும் இல்லை, குதிரையும் இல்லை. பொன்னான வாய்ப்பு போய்விட்டது, அதனால் அளவற்ற துயரத்தில் இருக்கிறேன் என்று நேரடியாகவே எழுதியிருந்தார். எழுதி முடித்ததும் அதை உறைக்குள் போட்டு, அனுப்பப்படவும் இல்லை, கையெழுத்திடப்படவும் இல்லை என்று மேலே குறித்து, எடுத்து வைத்துவிட்டார்.