தொட்டியில் அயிரை

சுந்தரம்: ஏம்மா செல்வி, வெறும் மணலுக்கு எதுக்கு லைட்டு, மோட்டார் எல்லாம்?

செல்வி: மீன் இருக்கிறது அண்ணே. புதைந்து கிடக்கிறது. அந்த மூலையில் பாருங்கள், மணலுக்கு மேலே ரெண்டு கண் மட்டும் தெரியும்.

சுந்தரம்: அடடே, அயிரை! புரட்டாசி முடிகிற வரைக்கும் ஸ்டாக்கா?

செல்வி: ஸ்டாக் இல்லை. வளர்க்கிறேன்.

சுந்தரம்: அதைத்தான் கேட்கிறேன். ஐப்பசிக்குள் வளர்ந்துவிடுமா?

செல்வி: வளர்ந்தாலே விரல் நீளம்தான். இதற்கு மேல் வளராது.

சுந்தரம்: பத்து உருப்படி கூட இல்லை போலிருக்கே. நாலு பேருக்குக் குழம்பு பத்தாதேம்மா!

செல்வி: எண்ணித்தான் வாங்கினேன். ‘உயிரோடு ஒரு எட்டு கொடுங்க, உடம்பில் காயம் இருக்கக் கூடாது, மீசை முழுசாக இருக்க வேண்டும்’ என்றேன். மீன்கார அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு, ‘என்ன தாயி, மாப்பிள்ளை பார்க்கிறியா?’ என்று கேட்டது.

சுந்தரம்: பாலில் விட்டாயா? தேங்காய்ப்பாலில் கொஞ்ச நேரம் விட்டால் வயிற்றில் இருக்கிற மண்ணையெல்லாம் கக்கிவிடும்.

செல்வி: மண்ணைக் கிளறட்டும் என்றுதான் மணலே போட்டிருக்கிறேன். வாய் நிறைய அள்ளி, உள்ளே இருக்கிற புழு பூச்சியைத் தின்றுவிட்டு, மணலைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும்.

சுந்தரம்: ஐயையோ, ஒன்று மேலே வந்து வாயைப் பிளக்கிறது பார்! போச்சு, அடுப்பைப் பற்ற வை!

செல்வி: சாகவில்லை அண்ணே, காற்றை விழுங்குகிறது. அயிரை குடல் வழியாகவும் மூச்சு விடும். குட்டையில் ஆக்சிஜன் குறைந்தாலும் அதனால்தான் தாக்குப்பிடிக்கிறது. மிச்சக் காற்று பின்பக்கமாகப் போய்விடும்.

சுந்தரம்: உருளைக்கிழங்கு சாப்பிட்டால் எனக்கும் அப்படித்தான். அது சரி, ஹீட்டர் எங்கே? கடைக்காரர் என் தலையில் ஒன்று கட்டினாரே.

செல்வி: எந்த மீனுக்கு?

சுந்தரம்: கோல்டு ஃபிஷ்.

செல்வி: அது சீனாவிலிருந்து வந்த குளிர்ந்த தண்ணீர் மீன் அண்ணே. பனி பெய்கிற ஊரில் குளத்திலேயே கிடக்கும். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். நீங்கள் மதுரை வெயிலில் ஹீட்டரும் போட்டு நிஜமாகவே உருக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுந்தரம்: அதுதான் போன வாரம் ஜோடியாகப் போய்ச் சேர்ந்ததா? திருஷ்டி என்றல்லவா நினைத்தேன்! வீட்டுக்கு வருகிற கெட்டதை மீன் வாங்கிக்கொண்டு சாகுமாம்.

செல்வி: அது திருஷ்டி இல்லை, அமோனியா. கோல்டு ஃபிஷ் ஒரு சாண் வளர்கிற மீன், பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும். அதைச் சோற்றுக் குண்டான் அளவு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டால், தன் கழிவிலேயே மூச்சு முட்டாதா?

சுந்தரம்: தினமும் தண்ணீரை மாற்றுகிறேனே! சுத்தமான மாநகராட்சித் தண்ணீர்.

செல்வி: குழாயிலிருந்து நேராகவா? அதில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்ற வேண்டும். தொட்டியை மொத்தமாகக் காலி பண்ணாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். அமோனியா, குளோரின், வெந்நீர்... எமன் உங்கள் வீட்டுக்கு வந்து காபி மட்டும் குடித்துவிட்டுப் போகலாம், வேலையே இல்லை.

சுந்தரம்: செத்தால் உடனே அடுத்த ஜோடி வாங்கி விட்டுவிட வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னார்.

செல்வி: அவருக்கும் மீன் கடைக்காரருக்கும் என்ன உறவு?

சுந்தரம்: மச்சான்.

(இவரைப் போல் தெருவுக்கு நாலு அண்ணன்கள் இருக்கிறார்கள். சீனா மீன் செத்தால் பரிகாரம், ஊர் மீன் உயிரோடு இருந்தால் குழம்பு.)

சுந்தரம்: இது ஆற்று மணல் மாதிரி இருக்கே? வீடு கட்டவே கிடைக்காமல் நான் எம்-சாண்டில் கட்டினேன். மீனுக்குப் போய் ஆற்று மணலா!

செல்வி: பழைய வீட்டைக் கட்டியபோது மிஞ்சியது, சலித்துப் போட்டேன். எம்-சாண்டு கூராக இருக்கும், மீசை தேய்ந்துவிடும். அந்த மீசையால் தடவித்தான் அது இரையே தேடும். அப்புறம், ஆற்று மணல் யாருக்கு முதல் சொந்தம் அண்ணே? வைகையில் மணலை அள்ளியாயிற்று, தண்ணீரும் பாதி நாள் இல்லை. இது எங்கே போய்ப் புதையும்? நம் வீட்டுச் சுவரிலா?

சுந்தரம்: ...

செல்வி: என்ன அண்ணே, பேச்சையே காணோம்?

சுந்தரம்: இல்லை, மாங்காய் போட்டு வைத்தால்...

செல்வி: அண்ணே!

சுந்தரம்: சரி சரி. இதை எந்த மூலையில் வைத்தால் பணம் வரும்?

செல்வி: இது மணலுக்குள்ளே போகிற மீன். எந்த மூலையில் இருக்கிறது என்று உங்கள் வாஸ்துக்காரராலேயே கண்டுபிடிக்க முடியாது.

சுந்தரம்: அப்படியானால் ஊர்க்கண்ணும் கண்டுபிடிக்காதே! கண்ணில் படாத மீனுக்கு எப்படித் திருஷ்டி படும்? இத்தனை நாள் தெரியாமல் போச்சே! கிலோ என்ன விலை?

செல்வி: எண்ணி வாங்குங்கள் அண்ணே. கிலோவில் வாங்கினால் அண்ணி அடுப்பில் ஏற்றிவிடுவார்கள்.