நாற்பது நாள் அவகாசம் ஏட்டளவில்தான்

பிரிட்டனில், சட்டம் தரும் அதிகாரத்தைக் கொண்டு அமைச்சர்கள் பிறப்பிக்கும் விதிகளை 40 நாள்களுக்குள் நாடாளுமன்றம் ரத்து செய்யலாம் என்பதால் அஞ்சத் தேவையில்லை என நான் படித்த ஒரு கட்டுரை கூறுவது ஏட்டளவில் சரியே. ஆனால் பிரிட்டன் மக்களவை அப்படிக் கடைசியாக ரத்து செய்தது 1979-இல், அதுவும் மண்ணெண்ணெயின் உச்ச விலை வரம்பை நீக்கிய ஓர் ஆணையை. அரிதான விதிவிலக்குகள் தவிர, உறுப்பினர்கள் இவ்விதிகளில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த இயலாது. உண்மையான கடிவாளம் நீதிமன்றத்திடமே இருப்பதாக நான் கருதுகிறேன். தொழிலாளர் தீர்ப்பாயத்தை நாடுவோரிடம் மொத்தம் 1,200 பவுண்டு வரை கட்டணம் வசூலித்த 2013-ஆம் ஆண்டு ஆணை, இரு அவைகளின் ஒப்புதலைப் பெற்றிருந்தும், யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. அதே கட்டணத்தை நாடாளுமன்றமே நேரடியாகச் சட்டமாக இயற்றியிருந்தால், நீதிபதிகளால் அதை ரத்து செய்திருக்க முடியாது; நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் பிரிட்டன் நீதிமன்றங்களுக்கு இல்லை.