ஓடாத காணொளியும் ஒற்றை வரிப் பிழைச்செய்தியும்

முகபாவங்களை இனங்காணும் உளவியல் சோதனைக்காக, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள் சிலரின் முகங்களைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். கணினியின் சாதாரணக் காணொளி இயக்கியில் அழகாக ஓடும் அந்தக் காணொளிகள், உளவியல் சோதனைகளை நடத்தும் சைக்கோபை மென்பொருளுக்குள் நுழைந்ததும் கறுப்புத் திரையாகின்றன, அல்லது சோதனையையே பாதியில் நிறுத்திவிடுகின்றன. பிழைச்செய்தியோ மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்த கதைதான். எந்தக் கோப்பு, ஏன் திறக்கவில்லை என்று சொன்னால் குறைந்தா போய்விடும்?

எம்பி4 என்னும் கோப்பு வகை வெறும் உறை. படத்தைச் சுருக்கிவைக்கும் முறையாக உள்ளே 2003இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013இல் வந்த எச்.265உம் இருக்கலாம். இன்றைய கைப்பேசிகள் பல, இடத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, நம்மைக் கேட்காமலேயே இரண்டாவதைத் தேர்ந்துகொள்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்னும் காணொளி மாற்றும் மென்பொருளைக் கொண்டு எச்.264க்கு மாற்றினால் பெரும்பாலும் படம் தெரிந்துவிடும்.

தொல்லை அதோடு தீருவதில்லை. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 60 ஹெர்ட்ஸ் திரையில், வினாடிக்கு 25 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) கொண்ட காணொளியை ஓட்டினால், ஒரு சட்டகம் 2.4 புதுப்பிப்புகளுக்கு நிற்க முடியாதாகையால், சில இரண்டும் சில மூன்றுமாகத் தள்ளாடுகின்றன. ஒரு புதுப்பிப்பே ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி என்னும்போது, மறுவினை நேரத்தை அளப்பவர் எதை நம்புவது? (இந்த லட்சணத்தில் கைப்பேசிப் பதிவுகளின் சட்டக வேகமும் நிலையாக இருப்பதில்லை.)

சோதனையில் கலந்துகொள்ளக் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலேறி வந்து, "இன்னும் ஆரம்பிக்கலைங்களா?" என்று கேட்கும் அக்காவிடம் இதையெல்லாம் விளக்கவா முடியும்? சோதனை தொடங்கும் முன்பே காணொளிகளைச் சரிபார்த்து எச்சரிக்கும் ஒரு பொத்தானையாவது வைத்துத் தொலைக்கக் கூடாதா?